ரீவிக்கு நேரம் சொல்வது யார்?

போன கிழமை கரண்ட் போய் வந்த அடுத்த நாள் தரம் 8 மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், எங்கட சுவர் மணிக்கூடு பெட்டரி முடிஞ்சு நிக்குது. டிஷ் பெட்டி மட்டும் கரண்ட் வந்ததும் சரியான நேரத்தக் காட்டுது. அதுக்கு யாரு நேரம் சொல்றது?"

நல்ல கேள்வி. அவனுக்குப் பத்து நிமிடத்தில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நமது வயதுக்காரர்களுக்கு டெக் நினைவிருக்கும். கரண்ட் போய் வந்தால் 12:00 என்று மின்னிக்கொண்டே இருக்கும். வாப்பா அதைச் சரிசெய்ய முயன்று, கடைசியில் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டார். நமது வீட்டில் மட்டுமல்ல, உலகம் முழுக்க அதே கதைதான்.

இதற்கான வழியை அமெரிக்காவில் 1970 அளவிலேயே யோசித்துவிட்டார்கள். கொலராடோ மாநிலம் போல்டரில் அந்நாட்டின் தேசிய நியமங்கள் பணியகத்திடம் அணுக் கடிகாரங்கள் இருந்தன. அந்த நேரத்தைச் சிற்றலை வானொலி வழியாக அனுப்பி வந்தார்கள். சிற்றலை வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவதால் துல்லியம் கெடும். ஆனால் தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு இருக்கிறதே, அதிலேயே நேரத்தையும் ஏற்றி அனுப்பினால் என்ன?

அங்கே படம் 525 கோடுகளால் ஆனது. மேலிருந்து கீழாக வரைந்து முடித்த கதிர் மறுபடி மேலே போகச் சிறிது அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தில் வரும் கோடுகளில் படம் இராது. அந்த வெறுங்கோடுகளில் ஒன்றில் நேரத்தைக் குறியீடாக வைப்பதுதான் திட்டம். ஏபிசி தொலைக்காட்சி உதவ முன்வந்தது. பரிசோதனை நடந்தது. ஆனால் நேரம் அனுப்பும் திட்டம் நாட்டில் நிலைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. நேரத்தை அனுப்ப முடியுமென்றால் எழுத்தையும் அனுப்பலாமே, காது கேளாதவர்களுக்குப் பேச்சை எழுத்தாகக் காட்டலாமே என்று ஏபிசிகாரர்கள் சொன்னார்கள். 1972 பெப்ரவரி 15 அன்று காது கேளாதோருக்கான கலடெட் கல்லூரியில் செய்து காட்டினார்கள். சாதாரணமாக ஒளிபரப்பான ஒரு தொடர் நாடகத்துக்குள் எழுத்து ஒளிந்திருந்தது. அதற்கான கருவி உள்ளவருக்கு மட்டும் அது தெரிந்தது. (நமது ரூபவாஹினி தொடங்கியது சரியாகப் பத்து வருடம் கழித்து, 1982 பெப்ரவரி 15. தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

1976இல் 21ஆவது கோடு இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. 1980 மார்ச் 16இல் வழமையான ஒளிபரப்பு ஆரம்பம். 1993 ஜூலை முதல் அங்கு விற்கும் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள ரீவிகளில் அந்தக் கருவி உள்ளேயே இருக்க வேண்டும் என்று சட்டம். நேரம் அறிவிக்கப் போனவர்கள் காது கேளாதவர்களுக்குப் பேச்சைக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

பிறகு 1990களில் நேரமும் அதே 21ஆவது கோட்டுக்குத் திரும்பி வந்தது. பிபிஎஸ் நிலையங்கள் அதில் நேரத்தை அனுப்ப, புதிய டெக்குகள் தாமாகவே மணிக்கூட்டைச் சரிசெய்துகொண்டன. வேறு நேர வலயத்து நிலையத்தைக் கேபிளில் பிடித்த வீடுகளில் மட்டும் மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பிசகியது.

இன்றைய டிஜிட்டல் ஒளிபரப்பில், நம் டிஷ் பெட்டிகளும் பயன்படுத்தும் டிவிபி முறையில், படத்தோடு சிறு அட்டவணைகள் வருகின்றன. அதில் ஒன்று திகதியும் நேரமும். குறைந்தது 30 செக்கனுக்கு ஒரு முறை வர வேண்டும் என்பது விதி. அது சொல்வது உலகப் பொது நேரத்தை மட்டும். நாட்டுக்கு நாடு உள்ள வித்தியாசத்தை இன்னொரு அட்டவணை சொல்லும், நமக்கு 5 மணி 30 நிமிடம். திகதி என்பது 1858 நவம்பர் 17இலிருந்து எண்ணிய நாட்களின் தொகை. அதற்கு ஒதுக்கிய இடம் 2038 ஏப்ரல் 22உடன் நிரம்பிவிடும். அந்த வேலை இந்த மாணவனின் தலைமுறைக்கு.

அந்த வித்தியாசம் எவ்வளவு முக்கியம் என்று நமக்குத் தெரியாதா? மின்தட்டுப்பாட்டால் 1996 மே மாதம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முந்தி வைத்தோம். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்கே வந்தோம். இந்தியச் சனல்களில் எட்டு மணி நிகழ்ச்சி நமக்கு எட்டரைக்கு. கலியாணக் கடிதம் வந்தால் "புது நேரமா, பழைய நேரமா?" என்று உம்மா கேட்பார்.

ஒன்று கவனிக்க. செய்மதிக்கு ஏறி இறங்கவே கால் செக்கன் பிடிக்கும், குறியீடாக்கி விரிக்க இன்னும் சில செக்கன்கள். பெட்டியின் மணிக்கூடு சரியாக இருந்தாலும் திரையில் வரும் பாங்கு கொஞ்சம் பிந்தித்தான் கேட்கும். பழைய ரேடியோவில் அந்தப் பிரச்சினை இல்லை.

வகுப்பில் முன்வரிசையில் காது கேளாத ஒரு பிள்ளை இருக்கிறாள். நான் சொன்னதைப் பக்கத்துப் பிள்ளை கொப்பியில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள். கலடெட் கல்லூரி வந்ததும் அவள் கையை உயர்த்தினாள். கொப்பியில் எழுதி நீட்டிய கேள்வி: "எங்கட ரீவியில் தமிழ் எழுத்து எப்ப வரும் சேர்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. உங்களில் ஒளிபரப்புத் துறையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், அவளிடம் கொண்டுபோய்க் காட்டுகிறேன்.