திறந்த மூலத்தின் இரண்டாம் பத்தாண்டு: கொழும்பிலிருந்து மூன்று சான்றுகள்

கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை பிறப்பைக் கொண்டாடுபவை. யார் தொடங்கினார், எந்த உரிமத்தில் வெளியிட்டார், எத்தனை தன்னார்வலர் கூடினர் என்பதோடு கதை நின்றுவிடும். பத்தாண்டு கழித்து அதே நிரலில் வழு கண்டால் திருத்துபவர் யார், அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. ஒரு திட்டத்தின் ஆயுள் அதன் பராமரிப்பை எந்த நிறுவனம் தன் அன்றாட வேலையாக ஏற்கிறது என்பதைப் பொறுத்தது; உரிமத்துக்கும் ஆர்வத்துக்கும் அதில் இரண்டாம் இடமே உண்டு. கொழும்பின் கடந்த இருபது ஆண்டு அனுபவத்தைக் கொண்டு இதை நிறுவ முயல்கிறேன்.

முதற்சான்று சஹானா. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த சில வாரங்களுக்குள் லங்கா மென்பொருள் அறக்கட்டளையைச் சுற்றித் திரண்ட தன்னார்வ நிரலாளர்கள் சஹானா என்ற பேரிடர் முகாமைத்துவ மென்பொருளை எழுதினர். காணாமற்போனோர் பதிவேடு, முகாம் பதிவேடு, உதவி அமைப்புகளின் பதிவேடு, எந்த முகாமுக்கு எது தேவை, அது யாரிடம் உண்டு என்று பொருத்திப் பார்க்கும் பகுதி ஆகியன அதில் இருந்தன. அவசரத்தில் பிறந்த அந்நிரல் பின்னர் சுவீடனின் சீடா நிறுவன நிதியுதவியோடு பொதுப் பயன்பாட்டுக்கேற்ப மீள எழுதப்பட்டது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் யோக்யகர்த்தா நிலநடுக்கத்திலும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப்பயன் விருதும் அதற்குக் கிடைத்தது.

ஆனால் பேரிடர் மென்பொருளுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. பயனர்கள் பேரிடரின்போது மட்டுமே இருக்கிறார்கள். இடைப்பட்ட மாதங்களில் வழுவை அறிவிக்க ஆளில்லை, சோதித்துப் பார்க்க ஆளில்லை, நிதி கேட்கக் காரணமும் இல்லை. அடுத்த பேரிடர் வேறொரு நாட்டில், வேறு மொழியில், வேறு நிர்வாக முறையில் வருகிறது. அவ்விடத்துக்காக இரவோடிரவாகச் செய்த மாற்றங்கள் மூல நிரலுக்குத் திரும்புவது அரிது. 2009இல் திட்டம் அமெரிக்காவில் நிறுவப்பட்ட சஹானா மென்பொருள் அறக்கட்டளையின் பொறுப்புக்குச் சென்றது. பி.எச்.பி.யில் எழுதிய நிரலுக்குப் பக்கத்தில் பைத்தானில் ஈடன் என்ற புதிய கிளை எழுந்தது. 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தில் பயன்பட்டது அதுவே. இதைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். திட்டம் பிழைத்தது; பிறந்த ஊரோடு இருந்த பிணைப்புத் தளர்ந்தது.

இரண்டாவது சான்றுக்கு இவ்வளவு புகழ் இல்லை. 2020 சனவரியில், கொரோனா பரவத் தொடங்கியபோது, இலங்கையின் சுகாதாரத் தகவலியலாளர்கள் நாட்டுக்குள் நுழைவோரைக் கண்காணிக்கும் பகுதியொன்றை டி.எச்.ஐ.எஸ். 2 என்ற திறந்த மூலச் சுகாதாரத் தகவல் மென்பொருளின்மேல் அமைத்தனர். அம்மென்பொருளின் மையக் குழு ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நோர்வே அரசின் நோராட் உள்ளிட்ட கொடையாளர்கள் ஆண்டுக்கணக்கில் அதற்கு நிதி தருகிறார்கள். ஆகவே இலங்கையின் வடிவமைப்பு பிற நாடுகளுக்கான பொதுத் தொகுப்புக்கு வழிகாட்டியபோது, பராமரிப்புச் சுமை இங்குள்ள சிலரின் தோளில் விழவில்லை. சஹானாக் குழுவுக்கும் இக்குழுவுக்கும் திறமையில் வேறுபாடு காண எனக்குக் காரணம் எதுவும் இல்லை. வேறுபாடு, சாய்ந்துகொள்ளச் சம்பளம் பெறும் ஒரு மையம் இருந்ததில்தான்.

மூன்றாவது, தமிழ் வாசகர் நன்கு அறிந்த எண்ணிம நூலகமான நூலகம் திட்டம். 2005இல் தொடங்கி, வெள்ளவத்தை முகவரியோடு நிறுவனமாக வளர்ந்த இத்திட்டம் தனக்கென மென்பொருள் எழுதப் புறப்படவில்லை. விக்கிப்பீடியாவுக்காக உருவான மீடியாவிக்கியை எடுத்துக்கொண்டது. அதன் பக்கம் ஒன்றைத் திறந்தால் நூலக எண், ஆசிரியர், நூல் வகை, மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்று ஒரு சிறு அட்டவணை நிற்கும். அது வெறும் வார்ப்புரு. எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்து வேறெந்தத் தளத்திலும் ஏற்றலாம். மீடியாவிக்கியின் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு மூன்றாண்டு பாதுகாப்புத் திருத்தம் வருகிறது; அதைச் செய்பவர்கள் விக்கிமீடியாவைச் சுற்றி இருக்கிறார்கள். கொழும்பில் மிச்சமான உழைப்பு ஆவணத்துக்குப் போயிற்று.

இரவல் மென்பொருளுக்கும் விலை உண்டு. நூலகம் திட்டத்தின் பல்லூடகத் தளமான ‘ஆவணகம்’, ஐலண்டோரா என்ற திறந்த மூல மென்பொருளில் அமைந்தது. ஐலண்டோராவின் முந்தைய தலைமுறை, ட்ரூபல் 7 என்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருளின்மேல் கட்டப்பட்டது. ட்ரூபல் 7க்கான ஆதரவு 2025 சனவரி 5உடன் முடிந்தது. அந்தத் தலைமுறையில் தளம் அமைத்த எந்த ஆவணகமும், தான் விரும்பாவிட்டாலும், இடம்பெயர்வுக்குப் பணமும் ஆளும் தேடியாக வேண்டும். புதிய தொகுப்பை எண்ணிமப்படுத்தப் பணம் கேட்பது எளிது. பழையதைப் புதிய பதிப்புக்கு மாற்றப் பணம் கேட்டால் கொடையாளர் முகம் சுளிப்பார்.

நிரல் திறந்திருக்கிறது, வேண்டியவர் கிளை பிரித்துத் தொடரலாமே என்பது வழக்கமான மறுப்பு. அந்த அனுமதி சட்டத்தில் உண்டு, ஆள் வேண்டுமே. 2024 மார்ச்சில் எக்ஸ்.இசட். என்ற கோப்புச் சுருக்கக் கருவியில் புகுத்தப்பட்ட பின்கதவு வெளிப்பட்டபோது, உலகமே நம்பியிருந்த ஒரு நிரலைச் சோர்ந்துபோன ஒரே தன்னார்வலர் நெடுங்காலம் தாங்கியிருந்தது தெரியவந்தது. இங்கே நிரலாளருக்குப் பஞ்சம் இல்லை: மொறட்டுவைப் பல்கலைக்கழகம் கூகிளின் கோடைகால நிரலாக்கத் திட்டத்துக்கு உலகிலேயே மிக அதிக மாணவர்களை அனுப்பிய நிறுவனங்களில் ஒன்று. அப்பெருமை நியாயமானது. ஆயினும் ஒரு கோடையில் நிரல் பங்களிப்பவர் வேறு, ஐந்தாம் ஆண்டிலும் வழு அறிக்கைக்குப் பதில் எழுதுபவர் வேறு. நம் பல்கலைக்கழகங்கள் முதலாமவருக்குச் சான்றிதழ் தருகின்றன. இரண்டாமவருக்குப் பதவியே இல்லை.

தமிழ் எண்ணிமத் திட்டங்களுக்கு நிதி தருவோர் இனி ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்திலும் பராமரிப்புக்கெனத் தனித் தொகையும், அதைச் செலவிடச் சம்பளம் பெறும் ஒருவரின் பதவியும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கட்டும். அவை இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பட்டும்.