பூலான் கேட்ட நிலம்

1983ல் பூலான் தேவி சரணடைந்த படம் வந்த வாரப்பத்திரிகைத் தாள் ஒன்று, மளிகைக்கடைப் பொட்டலமாக எங்கள் வீட்டுக்கு வந்தது. நெற்றியில் கட்டிய துணி, கையில் துப்பாக்கி. அம்மா கசங்கலை நீவிவிட்டுப் பார்த்தாள். 'இவளையா அழகி கிழகின்னு எழுதுனானுங்க? நம்மகூட நடவுக்கு வர்ற பொம்பள மாதிரில்ல இருக்கா.' அப்புறம், 'எதுக்காம் துப்பாக்கி எடுத்தா?' என்று கேட்டாள். 'கெடுத்துட்டாங்களாம், பழி வாங்குனாளாம்' என்றேன். 'அது சரி, அதுக்கு முன்னாடி என்ன தகராறு?'

எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாளிலும் இல்லை.

மாலா சென் 1991ல் எழுதிய புத்தகத்தையும், எழுதப் படிக்கத் தெரியாத பூலான் வாயால் சொல்லி 1996ல் வெளியான தன்வரலாற்றையும் தேடிப் படித்த பிறகுதான் அம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. முன்னாடி இருந்தது நிலம்.

உத்தரப் பிரதேசத்தில் ஜாலவுன் மாவட்டம், யமுனைக் கரை, கூரா கா புர்வா என்ற சின்ன ஊர். சாதி மல்லா, படகோட்டுவதும் மீன்பிடிப்பதும் தொழில். (அங்கே மல்லாக்கள் அட்டவணைச் சாதியில்லை, பிற்பட்ட பட்டியலில் இருப்பவர்கள். நம் ஆட்களே 'தலித் கொள்ளைக்காரி' என்று எழுதுவதால் சொல்லிவைக்கிறேன்.) அப்பா தேவிதீனுக்குச் சேர வேண்டிய பங்கை அவருடைய சகோதரன் குடும்பம் எடுத்துக்கொண்டது. அந்தச் சகோதரனின் மகன் மாயாதீன். குடும்பத்துக்குப் பொதுவாய் நின்ற வேப்பமரத்தை மாயாதீன் வெட்டியபோது அப்பா வாய் திறக்கவில்லை. பத்து வயதுப் பெண் போய் மறித்தாள், வைதாள், அடிபட்டாள். வாய்க்கொழுப்புப் பிடித்த பெண்ணை ஊரைவிட்டு அனுப்பக் கல்யாணத்தைவிட வசதியான வழி ஏது? பதினோரு வயதில், தன்னைப் போல மூன்று மடங்கு வயதுக்காரனுக்குக் கட்டிவைத்தார்கள். அங்கிருந்து தப்பி வந்தாள். வந்தவள் மறுபடியும் நிலத்தைத்தான் கேட்டாள், மாயாதீன் மேல் வழக்குப் போட்டாள். 1979ல் அவன் கொடுத்த திருட்டுப் புகாரில் போலீஸ் பிடித்துப்போனது. லாக்கப்பில் நடந்ததை அவளே சொல்லியிருக்கிறாள். அந்த வருஷமே கொள்ளைக் கூட்டம் அவளைத் தூக்கிக்கொண்டு போனது.

மாயாதீன் தாக்கூர் அல்ல. சொந்தச் சாதி, சொந்த ரத்தம். பூலானை ஆதிக்க சாதிக்கெதிரான அடையாளமாக மேடையில் தூக்கிப்பிடிக்கும் நம் தோழர்கள் இந்த இடத்தில் மட்டும் வேகமாக நடந்துவிடுகிறார்கள்.

1981 பிப்ரவரி 14, பேமாய். 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் தாக்கூர்கள். தான் சுடவில்லை என்றே பூலான் சொல்லிவந்தாள். அதற்கு முன்பு அதே ஊரில் தாக்கூர் ஆண்கள் அவளைப் பூட்டிவைத்துச் செய்த வன்கொடுமை செய்தியாகவில்லை. பிணங்கள் விழுந்த பிறகுதான் பத்திரிகைகளுக்கு அவள் வேண்டியவளானாள். கையில் ஒரு போட்டோ கிடையாது. அதனால் என்ன, எழுதினார்கள்: பேரழகி, காதலனுக்காகப் பழிவாங்கும் காளி. சந்தையில் துர்க்கை வேஷத்தில் அவள் பொம்மை விற்றது. 1983 பிப்ரவரி 12, மத்தியப் பிரதேசம் பிண்டு நகரில், முதலமைச்சர் அர்ஜுன் சிங் முன்னால், ஆயிரக்கணக்கான கூட்டத்துக்கு நடுவே காந்தி படத்துக்கும் துர்க்கை படத்துக்கும் துப்பாக்கியை வைத்துச் சரணடைந்தாள். வந்திருந்த நிருபர்களுக்கு ஏமாற்றம்: குள்ளமாக, கறுப்பாக, கெட்டவார்த்தை பேசுகிறாள்! அவர்களே கட்டிய பொம்மை, அவர்களுக்கே கோபம்.

பிறகு 11 வருஷம் விசாரணை இல்லாமல் சிறை. அவளைக் கேட்காமலே அங்கே கர்ப்பப்பை எடுக்கப்பட்டது. அவள் உள்ளே இருக்கும்போதே அவள் வாழ்க்கை சினிமாவானது. சேகர் கபூரின் 'பண்டிட் க்வீன்' 1994ல் வெளிநாட்டு விழாக்களுக்குப் போனது, உண்மைக்கதை என்று சொல்லிக்கொண்டு. உயிரோடிருக்கும் ஒரு பெண்மீது நடந்த வல்லுறவை அவள் சம்மதமில்லாமல் திரையில் நடத்திக்காட்ட யார் உரிமை கொடுத்தது என்று அருந்ததி ராய் அப்போதே கேட்டார். மல்லுக்கு நின்ற சிறுமியும் வேப்பமரமும் வழக்கும் பின்னுக்குப் போய், உடம்பு முன்னுக்கு வந்தது. இரக்கம் வரவழைக்கத்தான் அப்படி எடுத்தோம் என்றார்கள். இருக்கட்டும். இரக்கப்படுவதற்கு நமக்கு ஏன் ஒரு பெண்ணை அம்மணமாக நிறுத்த வேண்டியிருக்கிறது?

பூலான் டெல்லி உயர்நீதிமன்றம் போனாள். கடைசியில் தயாரிப்பாளரான சேனல் ஃபோர் பணம் கொடுத்து வழக்கு சமரசமானது. இன்னொரு வழக்கு இதைவிட விசேஷம். குஜ்ஜர் சாதிக்காரர் ஒருவர், படத்தில் வல்லுறவு செய்பவன் பெயர் பாபு குஜ்ஜர் என்று வருவதால் தன் சமூகத்துக்கு இழுக்கு என்று மனுப் போட்டார். உயர்நீதிமன்றம் தணிக்கைச் சான்றிதழையே ரத்து செய்தது. உச்சநீதிமன்றம் 1996 மே 1ல் அதை மாற்றிப் படத்தை அனுமதித்தது. சாதி மானத்துக்கு எவ்வளவு தூரம் வழக்கு நடக்கிறது பாருங்கள்!

அதே மாதம் பூலான் சமாஜ்வாதி கட்சி சார்பில் மிர்சாபூரில் ஜெயித்து எம்.பி. ஆனாள். 1994ல் அவள் மீதிருந்த வழக்குகளைத் திரும்பப் பெற்று விடுவித்தது முலாயம் சிங் அரசு. அவருக்கு வேண்டியது பிற்பட்டவர் ஓட்டு. எதிர்த்தரப்பு பேமாய் விதவைகளைக் களத்துக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெண்களின் துக்கம் பொய்யில்லை. ஆனால் அவர்களையும் வெள்ளைச் சேலைப் படமாக மட்டுமே நாடு பார்த்தது. (பேமாய் வழக்கில் கீழ்க்கோர்ட் தீர்ப்பு வந்ததே 2024ல்தான், 43 வருஷம் கழித்து.)

2001 ஜூலை 25, டெல்லியில் வீட்டு வாசலில் பூலானைச் சுட்டுக் கொன்றார்கள். தாக்கூர்களுக்காகப் பழிதீர்த்ததாகச் சொன்ன ஷேர் சிங் ராணாவுக்கு 2014ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. 2021ல் பிகாரைச் சேர்ந்த விகாஸ்ஷீல் இன்சான் கட்சி அவள் நினைவு நாளில் உ.பி. ஊர்களில் சிலை வைக்கக் கிளம்பியது, போலீஸ் தடுத்தது. பொம்மை, படம், சிலை.

சரணடையும்போது அவள் வைத்த நிபந்தனைகளைத் திரும்பப் படித்தேன். தூக்கு கூடாது. எட்டு வருஷத்துக்கு மேல் சிறை கூடாது. உ.பி. போலீஸிடம் ஆயுதத்தைக் கொடுக்க மாட்டேன். கூடவே, ஒரு துண்டு நிலம் வேண்டும்.

அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். 'குடுத்தானுங்களா?' என்றாள்.