நெடுந்தொலைவு ஓட்டமும் கனத்த பளுவும்

பத்தாயிரம் மீட்டர் ஓடுகிறவருக்குக் கனத்த பளு ஆகாது என்ற நம்பிக்கை நம் மைதானங்களில் இன்னும் தளரவில்லை. உடம்பு பெருத்துவிடும், கால் கனத்துவிடும் என்பார்கள். மிஞ்சிப்போனால் எடை குறைந்த பளுவை முப்பது நாற்பது முறை தூக்கச் சொல்வார்கள். ஓட்டம் நெடியதென்றால் பயிற்சியும் நெடியதாக இருக்கட்டுமே என்பது கணக்கு. பயிற்சி போட்டியை ஒத்திருக்க வேண்டும் என்ற விதியின் பேரால் சொல்லப்படும் இக்கணக்கு, அவ்விதியையே தவறாகப் படிக்கிறது என்பது என் வாதம்.

இந்த நம்பிக்கைக்கு அரணாகக் காட்டப்படுவது ராபர்ட் ஹிக்சன் 1980இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு குழு பளுப்பயிற்சி மட்டும் செய்தது. இன்னொன்று தாங்குதிறன் பயிற்சி மட்டும். மூன்றாவது குழு வாரத்தில் 5 நாள் பளு, 6 நாள் ஓட்டமும் சைக்கிளும் என இரண்டையும் சுமந்தது. 10 வார முடிவில், மூன்றாம் குழுவின் கால்வலிமை ஏழாம் வாரம்வரை ஏறி, தேங்கி, கடைசி இரு வாரங்களில் சரிந்திருந்தது. இரண்டும் ஒத்துவராது என்று பலரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் சரிந்தது எது? வலிமைதான். உச்ச ஆக்சிஜன் நுகர்வு, தாங்குதிறன் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு உயர்ந்த அளவுக்கே இவர்களுக்கும் உயர்ந்தது. ஆக, எச்சரிக்கை பளுதூக்குகிறவருக்கே, ஓடுகிறவருக்கு அல்ல.

ஹிக்சன் குழுவே 1988இல், ஏற்கெனவே தாங்குதிறன் பயிற்சியில் இருந்தவர்களுக்கு வாரம் 3 நாள் கால்களுக்கான பளுப்பயிற்சியைச் சேர்த்துப் பார்த்தது. கால்வலிமை ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியது. தொடைச் சுற்றளவு மாறவில்லை. களைத்து நிறுத்தும்வரை சைக்கிள் மிதித்த நேரம் 71 நிமிடத்திலிருந்து 85 ஆனது. முதல் ஆய்வை மேற்கோள் காட்டுவோர் இதை ஏனோ எட்டிப் பார்ப்பதில்லை.

தசை பெருக்காமல் வலிமை எப்படிக் கூடும்? தொடக்க வாரங்களில் கூடுவது பெரும்பாலும் நரம்பின் வேலை என்று மொரிடானியும் டிவ்ரீஸும் 1979இலேயே காட்டினர். சிறிய இயக்க நரம்பணுக்கள் முதலில் விழிக்கும், பெரியவை விசை கூடும்போதுதான் எழும் என்பது ஹென்னமன் கண்ட ஒழுங்கு; கனத்த பளு தேவைப்படுவது அதனால்தான். ஓடுகிறவரின் பாதம் தரையில் இருப்பது சுமார் 0.2 நொடி. முழு விசையைத் திரட்டவோ 0.3 நொடிக்கு மேல் வேண்டும். ஆகவே அந்தக் குறுகிய இடைவெளியில் எவ்வளவு விசை எழுகிறது என்பதே கேள்வி. பயிற்சி ஒத்திருக்க வேண்டியது இந்த விசைக்கும் நேரத்துக்கும்தான், ஓட்டத்தின் நீளத்துக்கு அல்ல. நம் ஊர் வழக்கில் சொன்னால், நூறு பஸ்கி வளர்ப்பது ஓடுகிறவரிடம் ஏற்கெனவே மிகுதியாக உள்ள ஒன்றை. அவரிடம் குறைவாக இருப்பது இளவட்டக்கல்லைத் தூக்குகிறவரிடம் உள்ளது.

நார்வேயில் ஸ்டோரன் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. தேர்ந்த ஓட்டக்காரர்கள், நான்கு முறைக்குமேல் தூக்க முடியாத பளுவுடன் அரை ஸ்குவாட்டை நான்கு சுற்று, வாரம் 3 நாள், 8 வாரம் செய்தனர். உடல் எடை கூடவில்லை; ஒரே வேகத்தில் ஓடச் செலவாகும் ஆக்சிஜன் 5 விழுக்காடு குறைந்தது. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் சிலரே என்பதையும், ஒருமுறை தூக்கும் உச்ச எடை மூன்றில் ஒரு பங்கு உயர்ந்ததே அவர்கள் பளுவுக்குப் புதியவர்கள் என்பதைக் காட்டுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பளுவில் பழகியவருக்கு இவ்வளவு கிடைக்காது.

எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பின்லாந்தில் பாவொலைனன் குழு 1999இல், பயிற்சி நேரத்தின் 32 விழுக்காட்டைத் தாவல், குறுவேக ஓட்டம் போன்ற வெடிவிசைப் பயிற்சிக்கு ஒதுக்கியது. மொத்த நேரத்தைக் கூட்டவில்லை. ஒன்பது வாரத்தில் 5 கி.மீ. நேரம் முன்னேறியது, உச்ச ஆக்சிஜன் நுகர்வு உயராமலே. இருக்கும் ஓட்டத்தின்மேல் பளுவை ஏற்றிவைப்பது வேறு, ஓட்டத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பளுவுக்கு இடம் தருவது வேறு. போட்டிக் காலம் வந்ததும் பளுவை அடியோடு நிறுத்துவதும் தேவையற்றது. சைக்கிள் வீரர்களிடம் ரொன்னஸ்டாட் குழு 2010இல் காட்டியபடி, 12 வாரம் சேர்த்த வலிமையை அடுத்த 13 வாரப் போட்டிக் காலத்தில் வாரம் ஒரே ஒரு பயிற்சியால் காக்க முடிந்தது.