கரண்ட் கம்பியின் இரண்டாவது சுமை

மின்கம்பியில் மின்சாரத்தோடு சேர்த்து வேறெதையாவது அனுப்பிவிட வேண்டும் என்ற ஆசைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. இன்று 'பவர்லைன் அடாப்டர்' என்று ஜோடியாக விற்கும் சிறு பெட்டிகள் அந்த ஆசையின் இப்போதைய வாரிசு. ஒன்றை ரௌட்டர் பக்கத்தில் செருகி, மற்றதை மாடி அறையில் செருகினால், சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் கம்பியிலேயே இணையம் மாடிக்குப் போய்விடும். அட்டைப்பெட்டி மேல் 500, 1000, 2000 என்று பெரிய எண் போட்டிருக்கும். வாங்கி மாட்டியவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "அதில கால்வாசிகூட வரலையே, ஏன்?" இதற்கான பதில், பெட்டியோடு வரும் கையேட்டைவிட இந்தத் தொழில்நுட்பத்தின் வரலாற்றில் தெளிவாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஜார்ஜ் ஓவன் ஸ்குவயர் அமெரிக்க ராணுவ அதிகாரி. முதல் உலகப் போரின்போது அதன் தகவல்தொடர்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். ஒரே தொலைபேசிக் கம்பியில் வெவ்வேறு அதிர்வெண்களில் பல உரையாடல்களை அனுப்பலாம் என்று காட்டி, 1911-இல் காப்புரிமை பெற்றார். தொலைபேசிக் கம்பியில் முடியுமென்றால் மின்கம்பியில் ஏன் முடியாது? 1922-இல் நார்த் அமெரிக்கன் கம்பெனி என்ற பெரிய மின் நிறுவனம் அவருடைய உரிமைகளை வாங்கியது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் மின்கம்பி வழியே வீடுகளுக்கு இசை அனுப்பிப் பார்த்தார்கள். ஆனால் அதே ஆண்டுகளில் வானொலி வளர்ந்துவிட்டது. சும்மா கிடைக்கும் பாட்டுக்கு யார் காசு கொடுப்பார்கள்? 1934-இல் 'மியூசிக்', 'கோடாக்' இரண்டையும் ஒட்டி 'மியூசாக்' என்று பெயர் சூட்டிக்கொண்ட அந்தத் தொழில், மின்கம்பியைக் கைவிட்டுத் தொலைபேசிக் கம்பிக்கு மாறி, ஹோட்டல்களிலும் உணவகங்களிலும் பிழைத்தது.

இன்னொரு பக்கம், இதே யோசனை சத்தமில்லாமல் வெற்றி பெற்றது. 1920-களிலிருந்து மின் நிறுவனங்கள் தங்களுடைய உயர் அழுத்தக் கம்பிகளிலேயே ஊருக்கு ஊர் பேசத் தொடங்கின. இந்தியாவிலும் துணைமின் நிலையங்கள் ஒன்றோடொன்று பேச இந்த முறை பல பத்தாண்டுகள் உழைத்திருக்கிறது. துணைமின் நிலையத்தைக் கடக்கும்போது அண்ணாந்து பார்த்தால், கம்பி உள்ளே நுழையும் இடத்தில் பீப்பாய் போல ஒரு பெரிய சுருள் தொங்குவதைக் காணலாம். அதன் பெயர் 'வேவ் டிராப்'. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை விட்டுவிடும்; பேச்சைச் சுமக்கும் உயர் அதிர்வெண்ணை நிலையத்துக்குள் சிதறவிடாமல் தடுக்கும். வாசலில் நிற்கும் காவல்காரர் மாதிரி. பல நூறு கிலோமீட்டர் நீளமுள்ள கம்பியில் பேச்சு போய்ச் சேர்ந்ததற்கு, கம்பியில் கிளை குறைவு, இருக்கும் கிளைக்கும் காவல் உண்டு என்பதே முக்கியக் காரணம்.

வீடு இதற்கு நேர் எதிர். பத்து மீட்டர் கம்பியில் இருபது கிளை. ஒன்றிலும் காவல் இல்லை. நான் இருக்கும் லண்டன் புறநகரில் வீடுகள் தடித்த செங்கல் சுவர் கொண்டவை. வைஃபை இரண்டு சுவர் தாண்டினால் மூச்சு வாங்கும். அதனால்தான் இங்கே இந்த அடாப்டர்களுக்கு இவ்வளவு மவுசு. என் வீட்டு வயரிங்கைப் பார்க்க வந்த யாழ்ப்பாணத்து எலக்ட்ரீஷியன் அண்ணன் விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "தம்பி, இந்த வயர் கேத்தில் கொதிக்க வைக்கவெண்டு போட்டது. நீங்கள் அதுக்குள்ளால கடிதம் அனுப்பப் பாக்கிறியள். போகும். ஆனா வழியில இருக்கிறவன் எல்லாம் சத்தம் போடுவான்."

அந்தச் சத்தத்தை முதலில் சமாளித்தது வேகத்தைக் கைவிட்ட ஒரு முறை. ஸ்காட்லாந்தின் கிளென்ராத்தஸ் ஊரில் இருந்த பிகோ எலக்ட்ரானிக்ஸ் 1975-இல் 'எக்ஸ்-10' முறையை உருவாக்கியது. மாறுமின்னோட்டத்தின் அலை சுழியைத் தொடும் கணத்தில் மட்டும் ஒரு சின்ன 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு. விளக்கைப் போடு, அணை என்று சொல்ல அது போதும். இணையத்துக்குப் போதாது.

வேகத்தோடு மோதியவர்கள் மான்செஸ்டர்க்காரர்கள். அந்தப் பகுதியின் மின் நிறுவனமான நார்வெப், கனடாவின் நார்டெல்லுடன் சேர்ந்து, மின்கம்பி வழியே நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் இணையம் தருவோம் என்று 1997 அக்டோபரில் அறிவித்தது. தொலைபேசி மோடம் கீச்சிட்டுக்கொண்டிருந்த காலத்தில் அது பெரிய வேகம். பரிசோதனை நடந்தது, இணையமும் வந்தது. கூடவே ஒரு வேடிக்கையும் வந்தது. அதே மின்கம்பியில் மாட்டியிருந்த தெருவிளக்குக் கம்பங்கள் ஆண்டெனாக்களாக மாறி, சமிக்ஞையை வானில் இறைக்க ஆரம்பித்தன. வானொலி அலைகளைப் பயன்படுத்துவோர் கவலைப்பட்டார்கள். செலவுக் கணக்கும் கட்டவில்லை. 1999-இல் கடையைக் கட்டினார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியாவின் மனாஸஸ் நகரம் 2005-இல் ஊர் முழுக்க இதைக் கொண்டுவந்து, 2010-இல் நிறுத்தியது.

ஊரைப் பிடிக்கும் கனவு தோற்ற பிறகுதான் வீட்டுக்குள் வெற்றி வந்தது. 2000-இல் நிறுவனங்கள் கூடி ஹோம்பிளக் கூட்டமைப்பைத் தொடங்கின. 2001-இல் முதல் தரம்: 14 மெகாபிட். 2005-இல் 200. 2012-இல் வந்த அடுத்த தரம் எர்த் கம்பியையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டது. அவர்கள் கம்பியைச் சுத்தப்படுத்தவில்லை. அதன் சத்தத்தைக் கவனிக்கக் கற்றுக்கொண்டார்கள். தரவை ஒரே ஓடையாக அனுப்பாமல், நூற்றுக்கணக்கான மெல்லிய அதிர்வெண்களாகப் பிரித்து, எது சுத்தமாக இருக்கிறதோ அதில் அதிகம் ஏற்றி, இரைச்சலான இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறது அடாப்டர். அமெச்சூர் வானொலிக்காரர்களின் அலைவரிசைகளையும் விட்டுக்கொடுக்கிறது. மான்செஸ்டர் பாடம் வீண்போகவில்லை.

இப்போது அந்தக் கால்வாசிக் கேள்விக்கு வருவோம். பெட்டி மேலுள்ள எண், போக்கும் வரவும் பிழைதிருத்தச் சுமையும் எல்லாம் சேர்ந்த, ஆய்வுக்கூட உச்சம். 500, 600 என்று போட்ட பல அடாப்டர்களின் கேபிள் துளையே 100 மெகாபிட்தான் தாங்கும். வாங்கும்முன் அதைப் பாருங்கள். அடுத்து, எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகாதீர்கள். மின்னழுத்த எழுச்சியைத் தடுக்கும் போர்டு என்றால் அது உயர் அதிர்வெண்ணையே விழுங்கிவிடும். என் வீட்டில் போர்டிலிருந்து எடுத்துச் சுவரில் நேராகச் செருகியதும் வேகம் ஏறத்தாழ இரட்டித்தது.

பிறகு சத்தக்காரர்களைத் தேடுங்கள். மலிவான சார்ஜர், எல்.ஈ.டி. விளக்கின் டிரைவர், மோட்டார் உள்ள சாமான் — ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் வேகத்தை அளந்து பாருங்கள். குற்றவாளி சிக்கியதும், முகப்பிலேயே பிளக் துளை உள்ள அடாப்டர் ஒன்றை வாங்கி, சத்தக்காரரை அதன் வழியே மாட்டுங்கள். அந்தத் துளைக்குள் ஒரு வடிகட்டி இருக்கிறது. மின்சாரத்தை விடும், இரைச்சலை நிறுத்தும். துணைமின் நிலையத்தில் தொங்கும் அந்தப் பீப்பாய்ச் சுருளின் பேரக்குழந்தைதான் அது.

இதெல்லாம் செய்தும் வேகம் வரவில்லையென்றால், இரண்டு அறைகளும் ஃபியூஸ் பெட்டியிலிருந்து தனித்தனியாகப் பிரியும் கம்பிகளில் இருக்கலாம். சென்னையில் மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீடென்றால், இரண்டு அறைகளும் வேறு வேறு ஃபேஸாக இருக்கலாம். அப்போது சமிக்ஞை மெலிந்துதான் போய்ச் சேரும். ஃபியூஸ் பெட்டியை நாமே திறந்து நோண்டக்கூடாது. பிளக் பாயிண்டை மாற்றிப் பார்க்கலாம். இணையக் கேபிளை இழுக்க வழியிருந்தால் அதையே இழுத்துவிடலாம். அதற்கு ஈடு கிடையாது.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாதவர்களுக்கு, வைஃபை எட்டாத மாடியில் படிக்கும் பிள்ளைகளுக்கு, இந்தப் பெட்டி இன்னும் பெரிய உதவிதான். கம்பி முதலில் மின்சாரத்துக்குச் சொந்தம். மிச்சமிருக்கும் இடத்தில்தான் நம் கடிதம் போகிறது. அந்த இடத்தை எவ்வளவு ஒழித்துக் கொடுக்கிறோமோ, அவ்வளவுதான் வேகம்.