சீதன வீடு விடுதியான கதை

பருத்தித்துறையில், தும்பளைக்குப் போகிற வீதியில் தெருமூடிமடம் என்று ஒன்று நிற்கிறது. இரு கரையிலும் கல் திண்ணை, மேலே கூரை, நடுவால் தெரு. இன்றைக்கும் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் அந்தக் கூரைக்குக் கீழால்தான் போய் வருகின்றன. சந்தைக்குச் சுமையோடு நடந்தவர்கள் அதில் கொஞ்சம் சரிந்து கிடந்துவிட்டு எழும்பிப் போனார்கள். காசு கேட்க ஆளில்லை, பாயும் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வழிப்போக்கருக்கென்று கட்டிய இடத்தின் பழைய முகம் அது.

அதற்குப் பிறகு வந்தது வாடிவீடு. சுற்றுப்பயணம் வரும் துரைமாருக்கென்று வெள்ளைக்காரர் ஆட்சியில் வளர்ந்தது. யாழ்ப்பாணம், பருத்தித்துறை, காங்கேசன்துறை, ஆனையிறவு என்று கடலும் காற்றும் நல்ல இடமாகப் பார்த்துத்தான் அமைத்தார்கள். ஆனையிறவில் ஒல்லாந்தர் விட்டுப்போன சிறு கோட்டையே வாடிவீடாயிற்று. யாழ்ப்பாண வாடிவீட்டுக்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு. 1981 மே 31 இரவு நகரம் எரியத் தொடங்கியபோது அமைச்சர்கள் சிறில் மத்தியூவும் காமினி திசாநாயக்கவும் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தார்கள். வாடிவீட்டு விறாந்தையில் நின்று அழிவைப் பார்த்தார்கள் என்று பதிவாகியிருக்கிறது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்கள் எரிந்துபோயின.

ஊர்க்காரருக்கு வாடிவீட்டில் வேலையில்லை. சுன்னாகத்தானுக்குச் சாவகச்சேரியில் ஒரு மாமி வீடு இருக்கும். மாமி இல்லாவிட்டால் மாமியின் ஒன்றுவிட்ட தங்கச்சி இருப்பா. காசு கொடுத்துப் படுப்பது குடும்பத்துக்கே அவமானம்.

இப்போது விருந்தினர் விடுதி என்று பலகை மாட்டியிருக்கும் வீடுகள் பல அந்த மாமிமாரின் வீடுகள்தான். தேசவழமைப்படி சீதனம் பெண்ணுக்கு. மகளுக்கென்று தகப்பன் ஆயுள் முழுக்க உழைத்துக் கட்டிய வீடு. அகன்ற விறாந்தை, நடுவில் ஹோல், இரு பக்கமும் அறைகள், பின்னால் குசினி, அதற்கும் பின்னால் கிணற்றடி. 1983 கலவரத்துக்குப் பிறகு மகள் லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ போனாள். 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. திரும்பி வந்தபோது பல வீடுகளில் கூரை மிஞ்சவில்லை. மிஞ்சிய வீடுகளில் கிழவன் கிழவியும் பூட்டிய அறைகளும்.

அந்த நாட்களில் நகரத்தின் பெரிய ஹோட்டல்களான சுபாஸும் ஞானம்ஸும் இராணுவத்தின் 51ஆவது டிவிஷன் தலைமையகமாகிவிட்டன. முள்ளுக்கம்பிக்குள் போன ஹோட்டலில் யார் அறை கேட்பது? ஐ.நா. நிறுவனங்கள், செஞ்சிலுவைச் சங்கம், 2002 போர்நிறுத்தத்தோடு கண்காணிப்புக் குழு, ஏ9 வீதி திறந்ததும் தொண்டு நிறுவனங்கள் என்று வெளிநாட்டார் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்கள் சுண்டிக்குளியிலும் நல்லூரிலும் பூட்டிக் கிடந்த அறைகளைக் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தின் கெஸ்ற் ஹவுஸ் பெரும்பாலும் இப்படிப் பிறந்தது என்பதுதான் என் கணிப்பு. அதைச் சுற்றுலா பெறவில்லை, போர் பெற்றது.

வீட்டை விடுதியாக்கிய பொருள் எது என்று கேட்டால் குளியலறை என்பேன். கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளிக்க வெளிநாட்டாரை விடலாமா? அறைக்கொரு மூலையை மறித்து மாபிள் பதித்து, கொமோட் வைத்து, சுடுதண்ணிக்கு ஒரு பெட்டி பூட்டினார்கள். அளவு சரிவராமல் கதவு கொமோட்டில் இடிக்கும் குளியலறைகளை இன்றும் காணலாம். எங்கள் சுண்ணாம்புத் தண்ணீர் ஷவரின் கண்களை மெல்ல அடைத்துவிடும். வீட்டுக்காரம்மா ஊசியால் குத்தித் திறந்துவிடுவா. ஹோலில் மகளின் கல்யாணப் படம் தொங்கும். அவளுடைய அறையில் யாரோ ஒரு நோர்வேக்காரன் படுத்திருப்பான்.

2006 ஓகஸ்ட்டில் ஏ9 மூடியதும் வருகை சுருங்கியது. போர் முடிந்து, 2014 ஒக்டோபரில் யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. 2016இல் மகாத்மா காந்தி வீதியில் ஜெட்விங் ஹோட்டல் திறந்தது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமானது. படைகளும் கடை விரித்தன. காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவத்தின் தல்செவண விடுதி. காரைநகருக்கு அப்பால் கடலுக்குள் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையில் கடற்படையின் விடுதி. ஒருகாலம் ஆட்களை அடைத்து வைத்த சிறைக்கு இப்போது காசு கட்டிப் போகிறார்கள்.

இப்போது எதில் தங்குவது? ஹோட்டலில் ஜெனரேற்றர் உண்டு. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் நின்றபோது அதன் அருமை தெரிந்தது. மின்தூக்கி உண்டு, முழங்கால் நோகிற அம்மாவைக் கூட்டி வருபவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் சொல்லும் விலைக்கு மேல் 10 வீதம் சேவைக் கட்டணமும், 2024 முதல் 18 வீத வற் வரியும் ஏறக்கூடும். காலைச் சாப்பாடு பஃபே. இடியப்பம் இருக்கும், ஆறியிருக்கும். கெஸ்ற் ஹவுஸில் இடியப்பத் தட்டு குசினியிலிருந்து ஆவியோடு வரும், சொதியில் மாங்காய்த் துண்டு கிடக்கும். குறிகாட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு எத்தனை மணி வள்ளத்தில் போனால் பூசைக்கும் அன்னதானத்துக்கும் சரியாக இருக்கும் என்று வீட்டு ஐயா சொல்லுவார். கூடவே நீங்கள் எந்த ஊர், ஆற்றை மகன் என்றும் விசாரிப்பார். அந்த விசாரணை பிடிக்காமலே ஹோட்டலுக்குப் போகிற கனடாக்காரரை எனக்குத் தெரியும். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

எங்கே போனாலும் சொந்தக்காரரிடம் பேச்சு வாங்கத்தான் வேண்டும். "எங்கட வீடு இருக்க ஏன் பிள்ளை அங்க போய்க் கிடக்கிறியள்?"

என்னைக் கேட்டால், ஓரிரவுக்கு ஹோட்டல். ஒரு கிழமைக்குக் கெஸ்ற் ஹவுஸ். விலை கேட்கும்போது வரி சேர்த்தா என்றும், மின்சாரம் நின்றால் மின்விசிறி சுற்றுமா என்றும் கேட்டுவிடுங்கள். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். அந்த நேரம் வருவதென்றால் மாதங்களுக்கு முன்பே அறையைச் சொல்லி வையுங்கள், பல வீடுகளில் அப்போது மச்சம் சமைக்க மாட்டார்கள். மற்ற நாட்களில் இரவுக்கு நண்டுக் கறி வேண்டுமென்றால் விடியவே சொல்லுங்கள். நண்டு காலைச் சந்தையில்தான் கிடைக்கும்.