கணக்கு எங்கே இருக்கிறது? - பரவல் சேமிப்பகங்களும் நினைவகமும்

மறைமலை நகர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஜி.எஸ்.டி. சாலையும், 1999 முதல் 2022 வரை அங்கே கார் தயாரித்த போர்டு ஆலையும்தான். அங்கிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை வரிசையாகத் தொழிற்சாலைகள். ஒவ்வொரு தொழிற்சாலையிலும் ஒரு ஸ்டோர்ஸ் இருக்கும். எந்த உதிரி பாகம் எந்த ரேக்கில் இருக்கிறது என்பது ஸ்டோர் கீப்பருக்கு மனப்பாடமாக இருந்தால் வேலை வேகமாக நடக்கும். ஆனால் சரக்கு பத்து மடங்கு பெருகினால்? அவர் ஒரு நாள் வராவிட்டால்?

கணினி உலகமும் இதே கேள்வியோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டி வந்திருக்கிறது.

நூற்றுக்கணக்கான கணினிகளின் வன்தட்டுகளைச் சேர்த்து ஒரே பெரிய கிடங்காக ஆக்குவதுதான் பரவல் சேமிப்பகம். சரக்கு இருப்பது வன்தட்டில். அதைப் பற்றிய கணக்கு இருப்பது பெரும்பாலும் நினைவகத்தில், அதாவது ராமில். வன்தட்டு மலிவு, ஆனால் மெதுவானது. நினைவகம் வேகமானது, ஆனால் விலை அதிகம். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

2003-ல் சஞ்சய் கெமாவத், ஹோவர்ட் கோபியாஃப், ஷுன்-டாக் லியுங் ஆகிய மூவரும் கூகுளின் கோப்பு முறைமை பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். அதில் கோப்புகள் 64 மெகாபைட் துண்டுகளாக உடைக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பிரதிகள் வைக்கப்பட்டன. எது எங்கே இருக்கிறது என்ற கணக்கு முழுவதும் ஒரே ஒரு தலைமைக் கணினியின் நினைவகத்தில் இருந்தது. ஒரு துண்டுக்கு 64 பைட்டுக்கும் குறைவான இடமே போதும். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு பெட்டாபைட் தரவில் சுமார் 1.68 கோடி துண்டுகள் இருக்கும். அவற்றின் கணக்குக்கு வேண்டியது ஒரு ஜிகாபைட் நினைவகம் மட்டுமே! நினைவகம் போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்பதே அவர்களின் வாதம்.

இந்தக் கட்டுரையைப் படித்த டக் கட்டிங், மைக் கஃபரெல்லா ஆகியோரின் முயற்சியிலிருந்து 2006-ல் ஹடூப் பிறந்தது. அதன் சேமிப்பகத்திலும் ஒரே தலைமைக் கணினிதான். அதன் ஆரம்பகால வடிவமைப்பாளர்களில் இந்தியரான துருவ பர்தாகூரும் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆனால் மக்கள் பெரிய கோப்புகளை மட்டுமா சேமித்தார்கள்? சின்னச் சின்னக் கோப்புகளையும் கோடிக்கணக்கில் கொட்டினார்கள். ஹடூப்பில் ஒரு கோப்புக்கு ஏறக்குறைய 150 பைட், அதன் துண்டுக்கு இன்னொரு 150 பைட் நினைவகம் தேவை. ஒரு கோடி சிறு கோப்புகள் என்றால் 3 ஜிகாபைட். வன்தட்டில் இடம் காலியாகக் கிடக்கும், ஆனால் தலைமைக் கணினியின் நினைவகம் நிரம்பிவிடும். அது படுத்தால் மொத்தச் சேமிப்பகமும் படுத்துவிடும். கணக்கைப் பல தலைமைக் கணினிகளுக்குப் பிரித்துக் கொடுப்பதும், மாற்றுத் தலைமைக் கணினியைத் தயாராக வைப்பதும் 2013-ல் நிலைபெற்ற ஹடூப் 2-ல்தான் பரவலாக வந்தன.

அதற்கு முன்பே வேறொரு வழியைக் காட்டியவர் கலிபோர்னியாவில் மாணவராக இருந்த சேஜ் வெய்ல். 2006-ல் அவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட செஃப் அமைப்பில், துண்டு எங்கே இருக்கிறது என்ற பெரிய பட்டியலே கிடையாது. பெயரை ஒரு சூத்திரத்தில் போட்டால் இடம் தெரிந்துவிடும். யாரும் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அப்படியானால் நினைவகச் சிக்கல் தீர்ந்ததா? இல்லை, இடம் மாறியது. பல ஆண்டுகள் செஃப் சாதாரணக் கோப்பு முறைமையின் மேல் ஓடியது. அடிக்கடி படிக்கும் தரவை லினக்ஸே காலியான நினைவகத்தில் வைத்துக்கொள்ளும், வேறு யாராவது கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். 2017-ல் வந்த ப்ளூஸ்டோர், கோப்பு முறைமையை விட்டுவிட்டு வன்தட்டோடு நேரடியாகப் பேசியது. அதனால் அந்த வேலையைத் தானே ஏற்க வேண்டியதாயிற்று. முன்பு லினக்ஸின் கணக்கில் இருந்த நினைவகம் இப்போது செஃப்பின் கணக்கில் வந்தது. பார்த்தவர்களுக்கு நினைவகம் எங்கோ ஒழுகுவது போலத் தோன்றியது.

பின்னர் ஒரு வன்தட்டுக்கு 4 ஜிகாபைட் என்று இலக்கு வைக்கப்பட்டது. 12 வன்தட்டுகள் உள்ள கணினிக்கு அதுவே 48 ஜிகாபைட். ஆனால் இது இலக்குதான், உச்சவரம்பு அல்ல. ஒரு கணினி பழுதாகி, மற்றவை அதன் தரவை மறுபடி பிரதி எடுக்கும்போது நினைவகத் தேவை ஏறும். 48 தேவை என்று 48 மட்டுமே வாங்கியவர் மாட்டிக்கொள்வது அப்போதுதான். நினைவகம் தீர்ந்தால் லினக்ஸ் அந்தச் செயலியைக் கொன்றுவிடும். அந்தச் சுமையும் மற்ற கணினிகளின் தலையில் விழும், பிறகு அவையும் தடுமாறும்.

ஸ்டோர்ஸில் ஆள் போடும்போது சாதாரண நாளை மட்டும் கணக்கில் கொண்டால் போதாது, பாதிப் பேர் லீவில் இருக்கும் நாளையும் யோசிக்க வேண்டும். சேமிப்பகத்துக்கு நினைவகம் வாங்குவதும் அப்படித்தான்.