வாய் பேசா நோயாளிகள்: இஸ்லாமிய வரலாற்றில் விலங்கு மருத்துவம்

அப்பாஸியக் கலீஃபா அல்முக்ததிர் (908–932) ஆட்சிக் காலத்தில் பக்தாதின் தலைமை மருத்துவராயிருந்தவர் ஸினான் இப்னு ஸாபித். வஸீர் அலீ இப்னு ஈஸா அவருக்கு எழுதிய கடிதங்களை, மருத்துவர் வரலாறாகிய 'உயூனுல் அன்பா'வில் இப்னு அபீ உஸைபிஆ பதிந்து வைத்துள்ளார். தென் இராக்கின் 'ஸவாத்' கிராமங்களில் மருத்துவரே இல்லை. எனவே மருத்துவர் குழுவொன்று மருந்துப் பெட்டிகளோடு ஊர் ஊராகச் சென்று, ஒவ்வோர் ஊரிலும் தேவையான காலம் தங்கிச் சிகிச்சையளித்துவிட்டு அடுத்த ஊருக்கு நகர வேண்டும் என்பது வஸீரின் உத்தரவு. நடமாடும் மருத்துவமனை என்று இன்று நாம் அழைப்பது இதைத்தான்.

குழு ஸூரா என்னும் ஊரை அடைந்தபோது ஒரு கேள்வி எழுந்தது. அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் யூதர்கள். அங்கே தங்குவதா, கடந்து செல்வதா என்று ஸினான் எழுதிக் கேட்டார். வஸீரின் மறுமொழியில், கேள்வியில் இல்லாத ஒரு சொல்லும் இடம்பெற்றது: விலங்குகள். திம்மிகளுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் செய்வது சரியே என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடில்லை என்று அவர் எழுதினார். வரிசையை மட்டும் வகுத்தார்: விலங்குகளுக்கு முன் மனிதர், திம்மிகளுக்கு முன் முஸ்லிம்கள், எஞ்சியது அடுத்த பிரிவினர்க்கு. இவ்வரிசையின் பிற்பாதி இன்றைய வாசகருக்கு நெருடலாக இருக்கும். அதை மறைத்துவிட்டு முற்பாதியை மட்டும் மேடைகளில் முழங்குவது நேர்மையன்று. ஆயினும் அரசு செலவில் செல்லும் மருந்துப் பெட்டியில் நோயுற்ற விலங்குக்கும் ஒரு பங்குண்டு என்பது பத்தாம் நூற்றாண்டு நிர்வாகி ஒருவருக்கு விவாதத்திற்கு அப்பாற்பட்ட செய்தியாக இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இக்கலைக்கு அரபியில் 'பைத்தரா' என்று பெயர். அதில் வல்லவர் 'பைத்தார்'. இச்சொல்லே குதிரை மருத்துவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கால்நடை மருத்துவத்தை முஸ்லிம்களே கண்டுபிடித்தனர் என்று நம்மவர் சிலர் எழுதுவதற்கு இந்த ஒரு சொல்லே போதிய மறுப்பு. கிரேக்கரிடமிருந்து பெற்றதைத் தம் அனுபவத்தால் வளர்த்தனர் என்பதே சரி. ஒன்பதாம் நூற்றாண்டில் அப்பாஸியக் குதிரை லாயத்தின் பொறுப்பிலிருந்த இப்னு அகீ ஹிஸாம் குதிரையேற்றம் பற்றியும் குதிரை மருத்துவம் பற்றியும் எழுதினார். மம்லூக் சுல்தான் அந்நாஸிர் முஹம்மத் இப்னு கலாவூனுக்காக அபூபக்ர் அல்பைத்தார் எழுதிய பெருநூல் 'அந்நாஸிரி' என்றே புகழ்பெற்றது. அதை 1852 முதல் 1860 வரை மூன்று தொகுதிகளாக பெர்ரோன் என்பவர் பிரெஞ்சில் வெளியிட்டார். மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தாரின் பெயருக்குப் பொருளும் 'விலங்கு மருத்துவர் மகன்' என்பதே.

நூல்களினும் நம்மைக் கவர்வது சந்தைக் கண்காணிப்பு அதிகாரியான முஹ்தஸிபுக்காகப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ எழுதிய கையேடு. பைத்தார்களுக்கென அதில் தனி அத்தியாயமே உண்டு. மனித நோயைக் காட்டிலும் விலங்கு நோயைக் குணப்படுத்துவது கடினம் என்கிறார் அவர். காரணம், தன் வலியைச் சொல்ல அதற்கு வாயில்லை. தொட்டும் பார்த்தும்தான் அறிய வேண்டும். அறியாமல் கத்தி வைத்து, சூடு போட்டு, விலங்கைக் கெடுத்தவர் அதன் மதிப்பில் ஏற்பட்ட குறைவை ஈடு செய்ய வேண்டும்.

நோயுற்ற விலங்கிடமிருந்து நலமான விலங்கைக் காப்பது எப்படி என்பதில்தான் நம் மார்க்க அறிஞர்களின் சிந்தனை ஆழமாக ஓடியது. சொறிபிடித்த ஒட்டகத்துக்குக் கீல் பூசித் தனியே விலக்கி வைப்பதை இஸ்லாத்திற்கு முந்தைய அரபியர் அறிந்திருந்தனர். குலத்தார் தம்மை ஒதுக்கியதை அத்தகைய ஒட்டகத்தின் நிலையோடு ஒப்பிட்டார் கவிஞர் தரஃபா. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் 'தொற்று என்பதில்லை' என்னும் கருத்தில் பேசியபோது கிராமவாசி ஒருவர் எழுந்தார். மணலில் மான்களைப் போல் நலமாயிருக்கும் ஒட்டகங்களிடையே சொறி ஒட்டகம் ஒன்று புகுந்தால் அனைத்திற்கும் சொறி வருகிறதே என்றார். அப்படியானால் முதல் ஒட்டகத்துக்குத் தொற்றவைத்தது யார் என்று அண்ணலார் திருப்பிக் கேட்டார்கள். அதே அண்ணலார்தாம், நோயுற்ற கால்நடைகளை உடையவர் அவற்றை நலமான கால்நடைகளிடம் கொண்டுவரலாகாது என்றும் தடுத்தார்கள். இரண்டும் ஸஹீஹான நூல்களில் உள்ளவை. இரண்டையும் அறிவித்த அபூஹுரைரா (ரலி) பிற்காலத்தில் முதலாவதைச் சொல்லாது விடுத்து, இரண்டாவதில் நிலைத்திருந்ததாக ஸஹீஹ் முஸ்லிம் கூறுகிறது.

முரண்போல் தோன்றும் ஹதீஸ்களை இணைப்பதற்கு இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) (மறைவு 1245) தம் 'முகத்திமா'வில் காட்டும் முதல் உதாரணமே இதுதான். நோய் தன் இயல்பால் தானாகவே தொற்றுவதில்லை. எனினும் நோயாளியோடு கலப்பதை அல்லாஹ் நோய்க்குக் காரணமாக்கியிருக்கிறான் என்பது அவரது விளக்கம். முதல் கூற்று நம்பிக்கையைத் திருத்துகிறது, இரண்டாவது செயலை நெறிப்படுத்துகிறது. தவக்குலின் பெயரால் தடுப்பூசியையும் தனிமைப்படுத்தலையும் மறுப்போர் முதல் ஹதீஸோடு நின்றுவிடுகின்றனர். மேய்ப்பனுக்கு இடப்பட்ட கட்டளையை அவர்கள் எங்கே வைப்பார்கள் என்பது நமக்குப் புரியவில்லை.

காட்டு உயிரிடமிருந்து வளர்ப்பு உயிருக்கு நோய் வரும் வழியை அரபுலகில் தெளிவாகக் காட்டுவது வல்லூறு. வல்லூறு வளர்ப்பும் அதன் மருத்துவமும் 'பைஸரா' என்னும் தனித் துறை. அத்துறையின் அரபு நூலொன்றை இரண்டாம் ஃபிரெடெரிக் பேரரசர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்க்கச் செய்தார். இன்று அபுதாபியில் 1999-இல் தொடங்கிய வல்லூறு மருத்துவமனை அத்துறைக்கு நவீன வடிவம் தந்துள்ளது. புறாக்களின் வாயிலும் தொண்டையிலும் வாழும் ட்ரைக்கோமோனாஸ் என்னும் நுண்ணுயிர், இரையான புறாவின் வழியே வல்லூற்றின் வாய்க்குள் புகுந்து மஞ்சள் நிறப் படிவங்களை உண்டாக்கும். கவனியாது விட்டால் பறவை உண்ண முடியாமல் மடியும். இரையை உறையவைத்துப் பின் இளக்கிக் கொடுத்தால் இந்நுண்ணுயிர் அழிந்துவிடும்.

பறவைக் காய்ச்சலுக்கு இவ்வழி பயன்படாது. அதன் வைரஸ் உறைநிலையைத் தாங்கும். 2005 நவம்பரில் குவைத்தில் பூநாரை ஒன்றில் இவ்வைரஸ் கண்டறியப்பட்டது. வளைகுடாவின் வல்லூறுகள் வேட்டையாடும் வலசைப் பறவைகளும் பறக்கும் வான்வழி அது. ஆகவே காட்டுப் புறாவைத் தவிர்த்துப் பண்ணையில் வளர்த்த காடையையே இரையாக்குமாறும், புதிதாக வாங்கிய பறவையைப் பழையவற்றோடு உடனே சேர்க்காமல் சில காலம் தனியே வைத்துச் சோதிக்குமாறும் மருத்துவர்கள் வளர்ப்போருக்குச் சொல்கிறார்கள்.